பின்கம்பி போடாத டிரெய்லர்

பெர்தலான் செத்து ஒன்பது வருடம் ஆன பிறகும் அவருடைய குதிரை டிரெய்லர் காலியாக நிற்கும்போது எண்பத்துநாலு கிலோ கூடுதலாகத்தான் எடை காட்டியது. பதிவுத் தாளில் எழுநூற்று அறுபது என்று இருக்கும், எங்கள் ஹொல்லோஷ் ஊர் தானியக் கிடங்கின் எடைமேடையில் எண்ணூற்று நாற்பத்துநாலு என்று வரும். பெர்தலான் வருடாவருடம் டிசம்பரில் பன்றி வெட்டி முடித்ததும் பன்றியை நிறுத்த அதே தராசில் தானும் ஏறி நிற்கிற ஆள். கடைசியாக ஏறியபோது எண்பத்துநாலு. டிரெய்லரின் முன்பக்க இடது மூலை, அதாவது குதிரையின் தலை வருகிற இடம், எப்போதும் இரண்டு விரல்கடை தாழ்ந்தே இருந்தது. அவர் மனைவி வில்மா ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதில் மக்காச்சோளம் ஏற்றி வருவாள், அந்த மூலையில் மட்டும் மூட்டை வைக்க மாட்டாள். எடைமேடை ஷாமு அந்த எண்பத்துநாலை ஒரு வார்த்தை கேட்காமல் கழித்துவிட்டு எழுதுவான். வாயில் எதுவும் நிற்காத ஷாமுவே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குதிரையையும் ஒண்டி ஆளாக ஏற்றிவிடுவேன் என்பதுதான் பெர்தலானுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே திமிர். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அதன் சிக்கல் தெரியும். குதிரை உள்ளே போனதும் முன்னால் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதே நேரத்தில் பின்னால் ஒருவர் அதன் புட்டத்துக்குப் பின்னே குறுக்குக் கம்பியை மாட்ட வேண்டும். கம்பி போடுவதற்குள் தலையைக் கட்டினால், மிரண்ட குதிரை பின்னால் இழுத்துக் கழுத்தை முறித்துக்கொள்ளும். கட்டாமல் விட்டாலோ சாய்பலகை வழியாக ஓடியே போய்விடும். பெர்தலானுக்கு இரண்டு பக்கமும் ஓடத் தெரியும். அந்த ஜூன் மாதக் காலையில் மந்துலா என்ற பயந்தாங்கொள்ளிப் பெட்டையை உள்ளே நடத்திக்கொண்டு போனவர், கயிற்றைப் பிடித்தபடி தலைமாட்டிலேயே நெஞ்சடைத்துச் செத்துப்போனார். விழக்கூட இல்லை, சுவரில் சாய்ந்து நின்றார். மதியம் ஆட்கள் போய்ப் பார்த்தபோது பின்கம்பி திறந்தே கிடந்தது, மந்துலா அசையாமல் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் செர்ரிப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்ததாகவும், ரேடியோ சத்தத்தில் எதுவுமே காதில் விழவில்லை என்றும் வில்மா எல்லோரிடமும் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டு எஜமான் இறந்தால், சவப்பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் யாராவது தொழுவத்துக்குப் போய் ஒவ்வொரு உயிரையும் எழுப்பி நிறுத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும். வில்மா இரண்டு பசுக்களிடம் சொன்னாள், பன்றிகளிடம் சொன்னாள், தேனீப் பெட்டிகளைத் தட்டித் தட்டிச் சொன்னாள். மந்துலாவிடம் சொல்லப் போனபோது ஷாமுதான் தடுத்தான். "அட விடுக்கா! கண்ணால பாத்த சாட்சியே அதான். அதுகிட்டப் போயி என்னத்தச் சொல்லப்போற?" கூடியிருந்தவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அதன் பிறகு மந்துலா அந்த டிரெய்லரில் ஏறவே இல்லை. நாலு ஆள் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். பயத்தில் நடுங்குகிறாள் என்று முடிவுகட்டி ஊர் அவளை விட்டுவிட்டது.

ஒன்பதாம் வருட ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை. மொத்த ஊரும் ராட்டினத்தடியில் கிடந்தது, ஆண்கள் காலை பத்து மணிக்கே பழச்சாராயத்தில் மிதந்தார்கள். வில்மா வீட்டில் மந்துலா தரையில் புரண்டு புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் எனிகோ போனில் தெளிவாகச் சொன்னாள்: "குடல் முறுக்கிக்கிட்டிருக்கும்போல. மதியத்துக்குள்ள இங்க கொண்டாந்துடுங்க வில்மாம்மா. அதுக்கப்புறம் என் கையில இல்ல." வில்மா உதவிக்கு ஷாமுவைப் போனில் கூப்பிட்டாள். வாத்தியச் சத்தத்துக்கு நடுவே அவன் ஏதோ பாடினான், அவ்வளவுதான். வீட்டில் மிச்சமிருந்த ஒரே துணை அந்தக் குதிரைதான். அதையும் இழக்க வில்மா தயாராக இல்லை. டிரெய்லரைக் காரில் மாட்டி, ஒரு பக்கம் களஞ்சியச் சுவரை ஒட்டி நிறுத்தினாள். உள்தடுப்பைத் தள்ளி இடத்தை அகலமாக்கினாள். சாய்பலகையில் வைக்கோல் தூவினாள்.

மந்துலா முன்கால் இரண்டையும் பலகையில் வைத்தாள், பின்வாங்கினாள். மறுபடி வைத்தாள், பின்வாங்கினாள். பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவைதான் வில்மா அவள் காதுகளைக் கவனித்தாள். பயந்த குதிரைக்குக் காது பின்னால் படுத்திருக்கும். இவளுக்கோ இரண்டும் முன்னால் விறைத்து, அந்த இடது மூலையைப் பார்த்து நின்றன. தொண்டைக்குள்ளேயே மெதுவாகக் கனைத்தாள். முன்பெல்லாம் தினமும் விடிகாலையில் ஓட்ஸ் வாளியோடு வந்த பெர்தலானுக்காக மட்டும் கனைத்த கனைப்பு அது. வில்மாவுக்கு விளங்கிவிட்டது. அவர் அங்கேதான் நிற்கிறார், ஆனால் வாசனை இல்லை, மூச்சு இல்லை. ஒன்பது வருடமாக இந்த வாயில்லா ஜீவன் அதற்கு ஒரு பதில் கேட்டுக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் சொல்லவில்லை.

அவள் மந்துலாவின் கழுத்தில் கை வைத்து, சொல்ல வேண்டிய முறைப்படி சொன்னாள். "மந்துலா, ஒன் எசமான் செத்துட்டாரு. இனிமே ஒனக்கு நாந்தான்."

குதிரை தலையிலிருந்து வால் வரை ஒருமுறை நடுங்கியது. பெருமூச்சு விட்டது. பிறகு நேராக உள்ளே நடந்தது. வில்மாவின் கையிலிருந்த கயிறு தானாக நழுவி முன்னால் போய், குதிரையின் தலைமாட்டில் விறைத்து நின்றது. உள்ளேயிருந்து பெர்தலான் குரல், அன்றைக்குக் கூப்பிட்ட அதே அவசரத்தோடு வந்தது. "வில்மா, கம்பியப் போடு!"

வில்மா ஓடிப் போய்க் கம்பியை மாட்டினாள். கொக்கி விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"போட்டாச்சு," என்றாள். "அன்னைக்கும் கேட்டுச்சுய்யா. ரெண்டு தடவ கூப்பிட்ட. ரேடியோவுமில்ல ஒண்ணுமில்ல. ஒண்டியாத்தான ஏத்துவ, ஏத்திக்கோன்னு வீம்புக்கு ஒக்காந்திருந்தேன்."

 பக்கக் கதவைத் திறந்து பார்த்தபோது, கயிறு சுவர் வளையத்தில், பெர்தலான் மட்டுமே போடுகிற இரட்டைச் சுருக்கு முடிச்சாகக் கட்டியிருந்தது.

மதியத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தாள். நல்ல வேளையாக முறுக்கு இல்லை, அடைப்புதான்; மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றிக் குடலைக் காப்பாற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் எனிகோ சொல்லிவிட்டாள். இரவு குதிரையோடு இருந்துவிட்டு, திங்கள் காலையில் காலி டிரெய்லரோடு திரும்பிய வில்மா, எடைமேடையில் டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்தினாள். எழுநூற்று அறுபது. திருவிழாத் தலைவலியோடு இருந்த ஷாமு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "மெஷினு கெட்டுப்போச்சாட்டம் இருக்குக்கா." வில்மா இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும். எழுநூற்று அறுபதுதான். வில்மா கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். புதைத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. ரேடியோ பொய்யையும் அப்போதுதான் அவனிடம் சொன்னாள், ஆகவே சாயங்காலத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அழுது முடித்து அவள் காரைக் கிளப்பியபோது உள்ளே கீங் கீங் என்று ஏதோ கத்தியது. "காலைல ஆஸ்பத்திரிய விட்டுக் கெளம்புனதுலேருந்து இதே ரோதனைடா," என்றாள். ஷாமு குனிந்து பார்த்தான். பக்கத்து இருக்கையில் யாரோ உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் வருகிற சத்தம் அது. பையும் இல்லை, மூட்டையும் இல்லை. இருக்கையின் மெத்தை மட்டும் நன்றாக அமுங்கியிருந்தது.  வில்மா குறுக்கே கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

"போட்டாச்சுய்யா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மந்துலா இப்போதெல்லாம் தானாகவே டிரெய்லரில் ஏறிவிடுகிறாள். வில்மாவின் காரில் இடம் கேட்கிறவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.