ஒப்புக்கு நின்ற வாத்தியார்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அக்கா சொல்வாள். வரட்டுமே. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான படிப்பை முடித்துவிட்டு, அக்கா வாழும் நாட்டுக்கு வந்து, அவள் வீட்டு சோபாவில் ஒண்டிக்கொண்டு, அத்தானின் சிநேகிதர் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். சான்றிதழுக்கு ஒரே ஒரு படிதான் பாக்கி. தேர்வாளர் வந்து நான் பாடம் நடத்துவதை நேரில் பார்க்க வேண்டும். தேறினால் இந்த நாட்டில் எந்தப் பள்ளியிலும் வேலை பார்க்கலாம். தவறினால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

பள்ளி ஒரு மாடியில் இருந்தது. வகுப்புக்கும் நடைபாதைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். பெற்றோர் வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே பேசுவது கேட்காது. முதலாளியின் பிழைப்பே அந்தக் கண்ணாடியில்தான் ஓடியது. பெற்றோர் வரும் நாட்களில் முன்னால் நிற்பதற்கென்றே செல்போன் கடையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தார். வெள்ளைத் தோல், பொன்னிறத் தலை. தங்கமுடி என்று பெயர் வைத்தேன். அவன் ஊரிலும் ஆங்கிலம் கிடையாது, அவனுக்குத் தெரிந்தது சார்ஜர் விற்கத்தான் போதும். அவன் பலகைக்கு முன்னால் கையைக் கையை ஆட்டுவான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி பாடம் நடத்துவேன். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதலாளி பழக்கியிருந்தார். ஒப்புக்குச் சப்பாணி அவன், விளம்பரத்தில் படமும் அவனுடையதுதான்.

தேர்வாளர் வரும் நாளும் பெற்றோர் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன.

"பெத்தவங்க கிளம்புற வரைக்கும் அவன் நிக்கட்டும்மா. பரீட்சைக்கு வர்ற அந்தம்மாவ அதுவரைக்கும் வெளிய நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கேன்," என்றார் முதலாளி.

"சார், அது என் பரீட்சை."

"நம்ம மூஞ்சியப் பாத்து இங்க எவன் பிள்ளைய அனுப்புவான், சொல்லு?"

சொன்னவர் முகமும் என் முகமும் ஒரே நிறம்தான். வீட்டில் சொன்னால், அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"பொறுத்துப் போடி. அத்தானுக்கு வேண்டியவரு. நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்கணும்ல."

அன்று தேர்வாளர் அம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்றார். தங்கமுடி கையை ஆட்டினான், நான் பின்னாலிருந்து தொண்டை வறளக் கத்தினேன். அந்த அம்மாள் முதலாளியிடம் ஏதோ கேட்டார். முதலாளி பல்லை இளித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், பையைத் தோளில் மாட்டினார். நான் வரவேயில்லை என்று நினைத்துக் கிளம்புகிறார்!

எழுந்தேன். கதவை விரியத் திறந்து, மூடாமலிருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். "நான்தான் டீச்சர், உள்ளே வாருங்கள்" என்று அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நேரே போய்த் தங்கமுடியின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். பாவம், அவனுக்கும் அப்பாடா என்றிருந்தது, ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைய பாடம், பழுதான பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்து நியாயம் கேட்பது. எனக்குச் சொல்லியா தர வேண்டும்? பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். பெற்றோர் வாசலில் முண்டியடித்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் தேர்வாளர் என் கையைக் குலுக்கி, தேறிவிட்டாய் என்றார்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று தயாராகப் போனேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார்.

"அசத்திட்டம்மா! பெத்தவங்க இனிமே கதவத் தொறந்தே வெக்கச் சொல்றாங்க. அதனால அவனுக்கு நீ கொஞ்சம் பாடம் நடத்தச் சொல்லிக் குடு. மூணு மாசத்துல தேறிடுவான்."

"அப்ப நான்?"

"நீ எப்பவும் போலப் பின்னாலதான்."

அவர் போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் தேறியதை மட்டும்தான் சொன்னேன், அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பொறுத்துப் போன, பாஸாயிட்ட. அவருக்கு ஒரு நன்றி சொல்லு," என்று முதலாளியின் எண்ணை அழுத்திப் போனை என் கையில் திணித்தாள்.

"சார், தேற வெச்சதுக்கு நன்றி. நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன். பின்னால உக்கார வேற ஆளப் பாத்துக்குங்க," என்றேன்.

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.