தோற்றவர் சேவல்போல் கூவ வேண்டும்

ஆய்வைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தேகாலுக்கு, காலமான டாக்டரம்மாவின் அலமாரிக்குள் தலையை விட்டிருந்த சிஸ்டர் அங்கிருந்தபடியே, "ஜட்ஜம்மா, கதவைச் சாத்துங்க" என்றாள். சொன்ன தினுசிலேயே சரக்கு நல்ல சரக்கில்லை என்று தெரிந்தது.

வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

"இதைத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க எதைத் தூக்கிப் போட்டாங்க? ஒத்தை சாக்ஸ் மட்டும் பதினாலு கெடக்கு."

சிரிப்பதற்கான பேச்சுதான். இருவரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா போய் ஆறு வாரம். காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்து, மனத்தைத் தலைகீழாய்ப் புரட்டி உதறிப்போடும் மருந்து, அவருடைய முப்பது வருஷப் பைத்தியம். எந்த மாத்திரைக்கும் மசியாத மனச்சோர்வுக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான சும்மா மாத்திரையும் கொடுத்து மூன்று வருஷம் ஆய்வு நடந்தது. யாருக்கு எது என்ற பட்டியல் முத்திரை வைத்த உறையில் தணிக்கையாளரிடம் இருந்தது. இன்றைக்குத்தான் உறை பிரிகிற நாள்.

டாக்டரம்மாவும் சிஸ்டரும் மாத்திரை போட்டவர்களோடு எட்டு மணி நேரம் அறையில் கூடவே உட்காருகிறவர்கள். ஜட்ஜம்மா இருந்தது வேறு மாடியில். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், போனில் கேள்வி கேட்டு, சோர்வு எவ்வளவு குறைந்தது என்று மார்க் போடுகிறவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பத்து வருஷத்துக்கு முன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தவளை டாக்டரம்மா கொத்திக்கொண்டு வந்தார். "அரை மணி நேரம் உன்னைத் திட்டினேன். நீ ஆமாம் போடவும் இல்ல, மல்லுக்கு நிக்கவும் இல்ல. அந்தக் காது எனக்கு வேணும்" என்றார்.

தராசு பிடிக்கிற கைக்கு எந்தப் பக்கம் யாருடைய சரக்கு என்று தெரியக்கூடாது. இதுதான் இந்தத் தொழிலின் ஆணிவேர். அந்த வேரில்தான் டாக்டரம்மா விளையாடினார். ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசி போன் முடிந்ததும் டப்பாவோடு மாடியேறி வருவார். நோயாளி எண்ணைப் போட்டு, நிஜமா சும்மாவா என்று மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டும். பந்தயம். டப்பா மூடியின் உள்பக்கம் அவருடைய கோணல் எழுத்தில்: "உறை பிரியும் அன்று அதிகம் தோற்றவர், வரவேற்பறையில் ஒற்றைக்காலில் நின்று சேவல்போல் கூவ வேண்டும்."

"மார்க் போடறவ பந்தயம் கட்டியிருக்கான்னு தெரிஞ்சா அந்த ஆளு ஆய்வையே செல்லாதுன்னு எழுதிடுவாரு" என்றாள் சிஸ்டர். காகிதம் அரைக்கும் இயந்திரத்தின் சுவிட்சைத் தட்டினாள். அது உறுமத் தொடங்கியது. "குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

செல்லாது என்று எழுதினால் மாத்திரைப் பெட்டிக்கு அன்றே சீல். சும்மா மாத்திரை வாங்கியவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் நிஜ மாத்திரை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். இருபத்தேழாம் எண் ஒரு பஸ் டிரைவர். அவருக்குப் போனது எது என்று உறைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வாசகம், "இன்னும் இருக்கேன்மா." அதில் பாதி மரியாதை, பாதி எச்சரிக்கை.

ஜட்ஜம்மா டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பயம் தணிக்கையாளரைப் பற்றி மட்டும் இல்லை. அவள் சீட்டு எழுதும்போதெல்லாம் டாக்டரம்மா கண்ணைச் சுருக்கி, "உனக்கு மூக்கு இருக்குடி" என்பார். அவளும் நம்பியிருந்தாள். குரலைக் கேட்டே கண்டுபிடிக்கிறோம் என்று உள்ளூர ஒரு கர்வம். கண்டுபிடித்திருந்தால் மார்க்கும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்குமே. தராசில் விரல் வைத்தோமா இல்லையா என்று தராசுக்காரிக்கே தெரியவில்லை. அதற்குச் சாட்சி இந்தச் சீட்டுகள் மட்டும்தான்.

"மெஷினை நிறுத்துங்க சிஸ்டர்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"நான் சாஞ்சேனான்னு எனக்குத் தெரியணும். சாஞ்சிருந்தா அந்த மருந்து நல்ல மருந்துன்னு நான் சொன்னது பொய். அந்த டிரைவர் மாதிரி ஆளுங்களுக்குப் பொய்யைக் கொடுக்கறதா?"

சிஸ்டர் அவளை முறைத்துக்கொண்டே சுவிட்சை அணைத்தாள்.

தணிக்கையாளர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். சொந்தப் பேனா, சொந்த பிளாஸ்க், சொந்தச் சந்தேகம். ஜட்ஜம்மா டப்பாவை அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மூடியை இரண்டு தடவை படித்தார்.

"சேவலா?"

"ஆமா சார்."

"கோழி இல்ல."

"சேவல்தான் சார்."

உறையைப் பிரித்தார். நூற்றுப் பதினான்கு சீட்டுகளையும் மூன்று அடுக்காகப் பிரித்தார். முதலில் சிஸ்டருடையது. முப்பத்தாறு சரி, இரண்டு தப்பு.

"கூடவே உக்காந்திருக்கேன் சார். ஒருத்தர் எட்டு மணி நேரம் அழுது, சிரிச்சு, ஜன்னல் திரையைக் கும்பிட்டா எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் நீங்க மார்க் போடறதில்ல."

அடுத்து டாக்டரம்மாவின் அடுக்கு. அவர் பேனா பட்டியலில் இறங்கிக்கொண்டே போனது. பாதியில் வேகம் குறைந்தது. கடைசிச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தெட்டும் தப்பு."

சிஸ்டருக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"சிரிக்கற விஷயம் இல்லம்மா. கண்ணை மூடிக்கிட்டு எழுதினாக்கூட பாதியாவது சரியா வரும். ஒண்ணுகூட சரியா வரலைன்னா, எல்லாத்தையும் கண்டுபிடிச்சு வேணும்னே மாத்தி எழுதியிருக்காங்க." ஜட்ஜம்மாவின் பக்கம் திரும்பினார். "எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர், ஒவ்வொரு நோயாளி முடிஞ்சதும் உங்க மேஜைக்கு வந்திருக்கார். என்ன பேசினார்?"

என்ன பேசினார்? நோயாளி படுக்கிற கட்டிலில் தானே படுத்துப் பார்த்து, கூரை போரடிக்கிறது என்று புகார் சொன்னதைப் பேசினார். மாடிப்படியில் தும்மியதைப் பேசினார். "முதல்ல மார்க்கை அனுப்பு, அப்புறம்தான் சீட்டு" என்பார். அனுப்பும் வரை டப்பாவைத் திறக்கவே மாட்டார். "மணி போடாத சீட்டு செல்லாத சீட்டு" என்று விரலால் தட்டுவார்.

"சீட்டு மூலைல மணி இருக்கும் சார்" என்றாள். "மார்க் அனுப்பின நேரம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

அவர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். அரை மணி நேரம். பிளாஸ்கைத் திறக்கவேயில்லை. மார்க்குக்கு முந்திய சீட்டு ஒன்றுகூட இல்லை.

"சரி. இப்ப நீங்க எவ்வளவு கெட்டிக்காரின்னு பார்ப்போம்."

வாழ்நாளில் முதல்முறையாக, தான் முட்டாளாக இருக்கவேண்டும் என்று ஜட்ஜம்மா வேண்டிக்கொண்டாள். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றும் சரி. சிஸ்டரின் கை மேஜைக்கடியில் அவள் முழங்காலைப் பிடித்தது. நான்காவது தப்பு. அதற்குப் பிறகு அவளால் எண்ண முடியவில்லை. பேனா நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழாம் எண்ணுக்கு அவள் "நிஜம்" என்று எழுதியிருந்தாள். பட்டியலில் சும்மா.

தணிக்கையாளர் கூட்டி, ஒரு தடவை சரிபார்த்தார்.

"இருபது சரி, பதினெட்டு தப்பு. காசைச் சுண்டி விட்டிருந்தாலும் இதே கதிதான்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா ஒரு வார்த்தைகூட உங்க காதுல போடல. உங்களுக்கும் ஒண்ணும் தெரியல. விதிமீறல்னு எழுதுவேன், விளக்கம் கேப்பாங்க, திட்டு விழும். ஆனா மார்க் செல்லும்."

சிஸ்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஜட்ஜம்மாவுக்கு நிம்மதியோடு ஒரு சின்னக் குத்தலும் இருந்தது. இத்தனை நாள் இருந்த மூக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டது. அந்த மூக்கை ஒட்டவைத்துவிட்டு, தான் தோற்பதற்கென்றே முப்பத்தெட்டு தடவை மாற்றி எழுதி, கூவப்போகிற நாளை நினைத்து மூன்று வருஷம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார் கிழவி.

தணிக்கையாளர் மூடியைத் தட்டினார். "இது எழுதிவச்ச நடைமுறை. அதிகம் தோத்தவங்க உயிரோட இல்லைன்னா அடுத்து தோத்தவங்க. பாக்கி வச்சுட்டு நான் கையெழுத்துப் போடறதில்ல."

அவர் கேலி செய்கிறாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்குத்தான் போய்விட்டதே.

"முதல்ல போன் சார். அப்புறம் சேவல்" என்றாள் ஜட்ஜம்மா.

அவர் யோசித்துத் தலையசைத்தார். மார்க் வேலை முடிந்துவிட்டது. இனி அவள் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. எண்ணை அழுத்தினாள். மணி ஆறு தடவை அடித்தது. ஏழாவது தடவையில் சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னும் இருக்கேன்மா" என்றது குரல்.

"இருங்க, வச்சுடாதீங்க" என்றாள். "உங்களுக்கு இதுவரைக்கும் கொடுத்தது சும்மா மாத்திரை. நிஜம் இனிமேதான். ஆனா அதுக்கு முன்னால எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. லைன்லயே இருங்க. சத்தம் கேட்டா பயப்படாதீங்க."

போனைக் கையில் பிடித்தபடி வரவேற்பறைக்குப் போய் வலது காலை மடக்கினாள்.