மீன் பொரிச்ச எண்ணெயோ?

மறதி நோய் முற்றியபின் ரஞ்சினி வீட்டில் ஒரு பருக்கையும் தொடுவதில்லை. புலம்பெயர்ந்த புதிதில் கணவனோடு காரிலிருந்தே வாங்கித் தின்ற ரோவில் நகர டிரைவ்-த்ரூ கடைச் சிப்ஸுக்கு மட்டும்தான் வாய் திறப்பாள். பாழாய்ப்போனவர்கள் அந்தக் கடையையும் இடித்துவிட்டார்கள்.

கணவர் நித்தியானந்தன் குசினியில் பொரித்த சிப்ஸை ஒளித்து எடுத்துக்கொண்டு, அவளைக் காரில் ஏற்றிவந்து, கடை இருந்த இடத்துக் கம்பி வேலியோரம் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, வெறுங்காணியிடம் ஓடர் சொன்னார். பிறகு பையை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இண்டைக்கு வெள்ளியெல்லே. மீன் பொரிச்ச எண்ணெயோ எண்டு கேளுங்கோ."

கேட்டார். "இல்லையாம். சாப்பிடும்."

"அவை சொன்னது எனக்குக் கேக்கேல்ல. திரும்பக் கேளுங்கோ."

நித்தியானந்தன் தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கேட்டார். பிறகு அவளோடு சேர்ந்து அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.