பூந்தோட்டத்துக்குப் போகும் வழி

பாலக்காடு டவுனில் எனக்குத் தெரியாத சந்தே கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. கொழிஞ்சாம்பாறையில் எனக்கு உரக்கடை. வாரத்தில் இரண்டு நாள் சரக்குக்காக டவுனுக்குப் போவேன். பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிடும். மூன்று மணி பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எங்காவது நிழலில் உட்கார வேண்டியதுதானே? மாட்டேன். கால் அரிக்கும்.

நடந்ததை எழுதவும் செய்தேன். பொள்ளாச்சியில் அச்சாகிற ஒரு மாதப் பத்திரிகையில் எனக்கு இரண்டு பக்கம். தலைப்பு 'கால் போன தெரு'. அடியில் 'அர்த்தநாரி, கொழிஞ்சாம்பாறை' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். தெருப் பெயரை எழுதவே மாட்டேன். கோட்டை மைதானத்துக்கு முதுகைக் காட்டி நில், இடிந்த மதில் வந்ததும் இடது கைப்பக்கம் திரும்பு, பிண்ணாக்கு வாசனை அடிக்கும், அங்கே நடையைக் குறை என்று எழுதுவேன். என் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில்லாதவன்கூட நடந்து போகலாம் என்று எனக்கு அப்படியொரு மண்டைக்கனம்.

என் மனைவி பழனாத்தாள், "கடையில யூரியா மூட்டை எங்க கிடக்குதுன்னு தெரியாது. டவுன்ல எந்தச் செவுத்துல எந்தப் பல்லி இருக்குதுன்னு மட்டும் துல்லியமா எழுதிப்போடுவீங்க" என்பாள். சிரித்துக்கொள்வேன்.

அப்படி நடந்தபோதுதான் அந்தத் தோட்டம் கண்ணில் பட்டது. ஒரு எண்ணெய் மில்லுக்குப் பின்னால், ஆள் ஒருக்களித்துப் போகிற அகலத்தில் ஒரு சந்து. அதன் முடிவில் கால் ஏக்கர் முல்லை. நடு டவுனில்! ராசம்மாள் என்ற விதவையின் தோட்டம் அது. கல்பாத்திக் கோயிலுக்கு அங்கிருந்துதான் பூப் போயிற்று. பூப்பறிக்க ஒரே ஒருத்தி. ராமுத்தாய். முப்பது வயதிருக்கும். முழங்கைக்கு மேலே பழைய தீக்காயம்.

அவள் பறிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நம் பக்கத்துப் பெண்கள் ஒரு கையால் கிள்ளி மடியில் போடுவார்கள். இவள் தலையில் கயிற்றை மாட்டி முதுகில் பையைத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் கொடியில் மேய்ந்தன. கை நிறைந்ததும் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலே பின்பக்கம் எறிந்தாள். ஒரு மொக்கு கீழே விழவில்லை. சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டில் பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்த கை அது.

ஏழெட்டுத் தடவை போன பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். புருஷன் கருத்தப்பாண்டி அடுப்புக் கொள்ளியால் சுட்டிருக்கிறான். முட்டைக்கோசு ஏற்றி வந்த லாரியில் உடுமலைக்கு இறங்கி, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறாள். "ஐயா, என்னையப் பத்தி எழுதிப்புடாதீங்க. அந்தாளு கையில கெடைச்சேன்னா உசுரோட விடமாட்டாரு" என்றாள்.

சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். எழுதவில்லை என்றா நினைக்கிறீர்கள்? எழுதினேன். பெயரைப் பூவாத்தாள் என்று மாற்றினேன். எஸ்டேட்டைச் சொல்லவில்லை, காயத்தைச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கைகளை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. தோளுக்கு மேலே பறக்கிற மொக்குகளை முக்கால் பக்கம் எழுதினேன். இனி எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். தூ!

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் மூங்கில் பிடி போட்ட பெரிய குடை. மழையில்லாத மாதத்தில் குடை எதற்கு என்று ஒரு விநாடி தோன்றியது. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தான். என் கட்டுரை.

"எழுதுனது நீங்கதானாய்யா? எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்க வாசகசாலையில ஒருத்தரு உரக்க வாசிச்சாரு. மூணு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொம்பள ரெண்டு கையாலயும் பறிச்சு முதுகுப் பக்கம் வீசும்னு எழுதியிருந்தீகளே, அம்புட்டும் கண்ணுக்குள்ள நிக்குது."

நாலு வருடம் எழுதியிருக்கிறேன். என்னைத் தேடி வந்த முதல் வாசகன் அவன். உடுமலையில் பூ வியாபாரம் என்றான், அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றான். பேச்சில் மதுரைப் பக்கம் அடித்தது. உடுமலைக்காரன் இப்படியா பேசுவான்? என் காதில் விழத்தான் செய்தது. புகழ்ச்சி கேட்ட காது வேறெதையும் மனசுக்கு அனுப்பவில்லை. பழனாத்தாளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, "வாங்க, நானே கூட்டிட்டுப் போறனுங்க" என்று கிளம்பினேன்.

அன்றைக்கு நான் நடந்த நடை இருக்கிறதே! கோட்டை மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தேன். மதில் வந்ததும், "இதத்தானுங்க ரெண்டாவது பத்தியில எழுதியிருந்தேன்" என்றேன். பிண்ணாக்கு வாசனை வந்ததும் மூக்கைக் காட்டிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சந்துக்குள் ஒருக்களித்து முன்னால் போனது நான்தான்.

நாலு மணி வெயில். ராமுத்தாய் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கொடியிலிருந்து தோளுக்குப் போய்ப் போய் வந்தன.

"ராமுத்தாயி" என்றான் அவன். நான் அவனிடம் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்களாய்யா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

 ராசம்மாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். கருத்தப்பாண்டி குடையாலேயே அவளை ஒதுக்கினான். "எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன். கேக்க நீ யாரு?" மில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் என்ன செய்தேன்? "ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க, உக்காந்து பேசிக்கலாமுங்க" என்றேன். உரம் வாங்க வந்தவனிடம் பேசுகிற மாதிரி. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முதுகுப் பையோடேயே போனாள். சந்து நெடுக முல்லை சிந்திக் கிடந்தது.

"அவனாத் தேடியிருந்தா ஆயுசுக்கும் கண்டிருக்க மாட்டான். கையப் புடிச்சுக் கூட்டியாந்து உட்டுட்டீங்களே, நல்லாயிருப்பீங்களா நீங்க?" என்று ராசம்மாள் மண்ணை வாரி என் காலடியில் போட்டாள்.

பத்திரிகைக்கு அதற்கப்புறம் ஒரு வரி அனுப்பவில்லை. டவுனில் இறங்கினால் வேலை, உடனே பஸ். இரண்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன். கடைசியில் பழனாத்தாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.  "போயிப் பாருங்க. உசுரோட இருக்கறாளான்னு பாருங்க. வர்றேன்னா கூட்டிட்டு வாங்க. நம்ம ஊட்டுல இருக்கட்டும்" என்றாள்.

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு. அங்கிருந்து சூரியநெல்லிக்கு ஜீப். பங்குனியிலும் மலை குளிர்ந்து கிடந்தது. நான் போகாத ஊர். ஆனாலும் சந்து பொந்து கண்டுபிடிக்கிறதில் சூரன் ஆயிற்றே! கேட்டுக் கேட்டு மத்தியானத்துக்குள் அவள் இருக்கும் இடத்துக்கே போய் நின்றுவிட்டேன்.

தொழிலாளிகளின் கைக்குழந்தைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்கிற தகரக் கொட்டகை. வரிசையாகத் தூளிகள். ராமுத்தாய் வலது கையால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கையில் எலும்பு முறிந்து, ஒட்டாமல் ஒட்டி, கோணலாக மடங்கி நெஞ்சோடு கிடந்தது. கொழுந்துக்கு ஒரு கை போதாது. அதனால் இங்கே போட்டிருக்கிறார்கள்.

 "தப்புப் பண்ணிப்போட்டனம்மா. என்ர ஊட்டுக்காரி உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்குது. இப்பவே கெளம்பு" என்றேன்.

அவள் பதறி வாசலைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "வெள்ளிக்கெழம அவரு போடிக்குப் போறாரு. அன்னைக்குப் போயிரலாம்னு இருக்கேன்யா. மீன் லாரிக்காரர் ஒருத்தரு ஏத்திக்கிறேன்னு சொல்லியிருக்காரு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு ரெண்டு மாசமா வாயத் தொறக்காம கெடக்கேன். இன்னும் மூணு நாளுதான்."

எனக்கு மூச்சு வந்தது. மூன்று நாள்தானே! உடுமலையில் வந்து நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயா, நீங்க இங்க எப்புடி வந்தீங்க?" என்று கேட்டாள்.

"விசாரிச்சுட்டு வந்தனம்மா."

"யாருகிட்ட?"

"ஜீப்ல வந்தவங்ககிட்ட. அப்புறம் டீக்கடையில. தொழிலாளிங்க குடியிருக்கற லயத்துக்கிட்ட ரெண்டு பொம்பளைங்க. மேல சூப்பர்வைசர் ஒருத்தரு, அவருதான் இந்தக் கொட்டகையக் காட்டுனாரு."

"எம் பேரச் சொல்லியா கேட்டீங்க?"

"ஆமாம்மா."

"எங்கருந்து வர்றதாச் சொன்னீங்க?"

"பாலக்காட்டுல இருந்து."

தூளி நின்றது. குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் அதை எடுக்கவில்லை. வலது கையால் இடது முழங்கையைப் பொத்திக்கொண்டு எனக்குப் பின்னால் பார்த்தபடி நின்றாள்.

திரும்பினேன். கீழே தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் டீக்கடைக்காரர் நின்றிருந்தார். நல்ல மனுஷன், எனக்கு டீக்குக் காசு வாங்க மறுத்தவர். கையை நீட்டி யாருக்கோ கொட்டகையைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூங்கில் பிடி போட்ட குடை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.