ஓசி டீ

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண விருந்தில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மாமனாரின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமனார் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு வக்கீல் துரையிடம் குமாஸ்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் குவாரியில் கல் உடைத்தவர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சூழ்ச்சியே உருவான அந்தக் குமாஸ்தா, நரிக் கண்களால்...’

அடித்துவிட்டேன். அவருக்கு நல்ல கண்கள். நல்ல பேச்சு. வழக்கு கொண்டுவந்த கட்சிக்காரர்கள் அவரைத் தேன்வாயர் என்றே அழைத்தார்கள். (துரைக்கு நம் பாஷை தெரியாது. கட்சிக்காரருக்குத் துரையின் பாஷை தெரியாது. நடுவில் இருந்த வாய்க்குத்தான் இனிப்பெல்லாம்.)

3

துரையிடம் வழக்குக் கொடுத்திருந்தவர்களில் கல் உடைக்கிற ஒருத்தியும் உண்டு. புருஷன் வெடியில் செத்ததும், குவாரிக் கம்பெனி அவளைக் குடிசையைக் காலி பண்ணச் சொன்னது. கோர்ட்டில் கூப்பிடும்போது அவள் இல்லையென்றால் வழக்குத் தள்ளுபடி, குடிசை போச்சு. தேன்வாயர் அவளுக்கு ஆறுதல் சொன்னார், கம்பெனியிடம் கை நீட்டினார்.

பொய்க் கையெழுத்து, கள்ள முத்திரை எதுவும் அவருக்குப் பிடிக்காது. கூப்பிடும் நேரம் நெருங்கினால் டீ வாங்கித் தருவார், அவ்வளவுதான். அதுவும் சொந்தக் காசில்.

“எவ்ளோ நேரமா நிக்கிறே. எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா. என் பேரைச் சொல்லு, காசு கேக்க மாட்டான்.”

“அதுக்குள்ள கூப்பிட்டுட்டா?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

(கோர்ட் வாசலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலிக்கும் பங்கு உண்டு. அவன் சுவரைப் பார்த்துக் கூப்பிடுவான்.)

4

இந்த இடத்தில் தேன்வாயர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, துரை கை நீட்டினா ஃபீஸு, நான் நீட்டினா லஞ்சமா? அவன் ஊரையே வளைச்சுக்கிட்டான். நான் கட்டினது ஒரு மாடி வீடு. அவனைப் பத்தி எழுதேன்.”

“எழுதுறேன் ஐயா. முதல்ல அந்தக் குடிசையை முடிச்சுக்கிறேன்.”

“அது எப்பவோ முடிஞ்சு போச்சு.”

5

நான் எழுதிய முடிவு: அவள் நகரவில்லை. “குவாரியில மேஸ்திரி ஓசி டீ குடுத்தா, எங்களை ஓரமா ஒதுக்கிட்டு வெடி வெக்கப் போறார்னு அர்த்தம். இங்க வெடி எங்கய்யா வெச்சிருக்கு?” தேன்வாயர் டவாலியைத் திரும்பிப் பார்க்கிறார்.

அருமையான வசனம். என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவளும் கல் உடைத்தவள்.

“அவ காலையில ஏதாவது சாப்பிட்டாளா?”

“இல்லக்கா. குவாரியிலேர்ந்து நடந்தே வந்திருக்கா.”

“அப்ப குடிப்பா. தெரிஞ்சே குடிப்பா. வெடிக்கு முன்னாடி குடுத்த டீயை நாம யாருடா வேணாம்னோம்?”

6

ஆகவே அவள் எதிர்க்கடையில் நிற்கிறாள். கிளாஸை முந்தானையில் பிடித்து ஊதுகிறாள். டவாலி மூன்று முறை கூப்பிட வேண்டும். இரண்டைச் சுவரிடம் சொல்லிவிட்டான். துரை கொட்டாவி விடுகிறார்.

மாமனார் கதையில் மூன்றாவதும் சுவருக்கே போனது. விருந்து சிரித்தது அதற்குத்தான். நான் அதை எழுத மாட்டேன். அந்த மூன்றாவது கூப்பாட்டை உங்களிடம் விடுகிறேன். தெரு அகலம், வண்டிச் சத்தம் வேறு. வெடி கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதும் மந்தம். வாசிக்கிறவர்கள் மெல்லப் பேசிப் பழகியவர்கள் என்று தெரியும். இருந்தாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.