கருணாகரனுக்கு ஊர்விலக்கு

இன்ஜின் நின்றுபோய் இரண்டு நாள் கடலில் அலைந்த கருணாகரன், துடுப்புப் போட்டே எண்ணூர் நிலக்கரிக் கப்பல்களைச் சுற்றிக்கொண்டு ஒருவழியாகக் குப்பத்துக் கரையைப் பிடித்தான். படகில் ஒரு கூடை வவ்வால் மீன் இருந்தது. கரையில் எல்லாப் படகும் சும்மா கிடந்தன.

“யாரு நைனா செத்தது?”

“நீதான்” என்றார் ஊர்த்தலைவர் மண்ணாங்கட்டி.

குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது; மீறினால் ஊர்விலக்கு. கருணாகரன் கடலோடு போய்விட்டான் என்று காலையிலேயே மைக்கில் சொல்லியாகிவிட்டது. விடுமுறையன்று கடலில் இருந்தவன் அவன் ஒருவன்தான். கையும் மீனுமாக வேறு பிடிபட்டிருந்தான்.

“நான்தான் சாவலியே.”

“அது உனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. லீவு லீவுதான்டா.”

அவனுக்காகப் போட்ட சாவுப் பந்தலிலேயே பஞ்சாயத்து உட்கார்ந்தது. நாற்காலிகள் தயாராக இருந்தன. மூன்று மாதம் விலக்கு. யாரும் அவனோடு பேசக் கூடாது, கடையில் சாமான் கிடையாது, டிராக்டர் அவன் படகைக் கரையேற்ற இழுக்காது. பொண்டாட்டி மங்கம்மா பேசினால் அவளுக்கும் அதேதான். கருணாகரனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் வீட்டுக்குப் போய் அவள் கையால் சோறு தின்பது.

“இந்த விலக்கு எங்கேர்ந்து நைனா வந்துச்சு?”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஒருத்தன் பஞ்சாயத்துல தூங்கிட்டான். எல்லாரும் எழுப்பாமப் பூட்டாங்க. அதான் மொத விலக்கு.”

“அவன் இன்னா தப்பு பண்ணான்?”

“தூங்கறவன்கிட்ட யாரு சொல்றது?”

கூட்டத்தின் பின்னாலிருந்து மங்கம்மா எழுந்தாள். “செத்தவனை விலக்கி வைக்கிற பயக்கம் கீதா?”

பெரியவர்கள் யோசித்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இல்லை.

“அப்போ அவரு செத்தே இருக்கட்டும். மைக்ல சொன்னத எதுக்கு மாத்திக்கினு.”

தலைவர் முகம் தெளிந்தது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கருணாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பொணம் பேசாது. வா” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள் மங்கம்மா.

வீட்டில் சோறு போட்டாள். “எத்தினி நாளைக்கு?” என்று மெல்லக் கேட்டான்.

“பதினாறாவது நாள் பாத்துக்கலாம். துன்னு.”

இரண்டாவது கவளம் எடுக்கையில் பக்கத்து வீட்டுப் பூவம்மா உள்ளே வந்தாள். அவன் தட்டைத் தாண்டிப் போய், மங்கம்மாவைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு தங்கமான மனுசன் என்று அழ ஆரம்பித்தாள். கருணாகரன் தட்டோடு நகர்ந்து அவள் உட்கார இடம் விட்டான்.