வெர்லீன் நெற்றியில் பதினொன்று

வெர்லீனுக்கு வாய் எதற்கு என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எங்கள் யூமாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள், இருபது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு குழந்தையை அதட்டி நான் கேட்டதே இல்லை. டிரைவர் சீட்டுக்கு மேலே, பின்னால் இருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று நீளமாக ஒரு கண்ணாடி உண்டு. பிள்ளைகளுக்கு அதில் தெரிவது அவளுடைய நெற்றியும் கண்ணும் மட்டும்தான். பின் சீட்டில் எவனாவது வாலாட்டினால் இரண்டு புருவத்துக்கும் நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள் விழும். பிள்ளைகள் அதற்குப் 'பதினொண்ணு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "டேய், பதினொண்ணு வந்துடுச்சு!" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், பேருந்து மொத்தமும் கப்சிப்.

நான் ரோசால்வா. அதே பேருந்தில் உதவிக்கு வருபவள். சின்னதுகளுக்கு பெல்ட் மாட்டுவது, மூக்குத் துடைப்பது, தொலைந்த ஷூவைத் தேடுவது என் வேலை. அடக்குகிற வேலை மட்டும் எனக்கு வராது. பிறவியிலேயே எனக்குச் சிரித்த முகம். என் அம்மா இறந்த வீட்டிலேயே ஒருத்தர் என்னைப் பார்த்து "என்ன விசேஷம்?" என்று கேட்டார். நான் அதட்டினால் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

பிள்ளைகள் சும்மா கத்திவிட்டுப் போகட்டும் என்று விட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வழியில், பேரீச்சந்தோப்பு திரும்பும் இடத்தில், கேட் இல்லாத ரயில் பாதை ஒன்று குறுக்கே போகிறது. காரில் போகிறவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். பள்ளிப் பேருந்து அப்படிப் போகக்கூடாது. நின்று, கதவையும் ஜன்னலையும் திறந்து, பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, அதன் பிறகுதான் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு குழந்தை மூச்சு விடக்கூடாது. அந்த அமைதியை வெர்லீனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தப் பதினொன்றுதான்.

அதைத்தான் அவள் ஊசி போட்டு அழித்தாள்.

எல்லாம் ஒரு அப்பக்கடையில் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை, நானும் அவளும் பான்கேக் சாப்பிட்டோம். கல்லாவில் இருந்த பெண் வெர்லீனை ஒரு பார்வை பார்த்தாள், பயந்து போனாள். "மேடம், ஏதாவது குறையா? தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்கு முதியோர் தள்ளுபடி போட்டுடறேன்" என்றாள். வெர்லீனுக்கு வயது ஐம்பத்து நாலு. கோபத்தையும் கிழத்தனத்தையும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டாளே பாவி என்று எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. காருக்குப் போனதும் வெர்லீன் வெயில் மறைப்பை இறக்கி, அதில் இருந்த கண்ணாடியில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோசா, நான் சிடுமூஞ்சியாடி?"

"சேச்சே. பாக்கறதுக்குத்தான் அப்படி" என்றேன். இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை எல்லை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல நடந்தே மெக்சிகோவுக்குள் போனோம். பல் கட்டுகிறவர்களும் மூக்குக்கண்ணாடிக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவில், மாடியில் இருந்தது தோல் டாக்டர் அறை. டாக்டர் இபாரா வெர்லீனின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வலது கன்னம் தங்கச்சி மாதிரி இருக்கு, இடது கன்னம் அவளுக்குப் பெரியம்மா மாதிரி இருக்கு? என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன்."

"அதானே பாத்தேன். உங்க சீட்டுக்கு ஜன்னல் இடது பக்கம். கண்ணாடி ஏத்தியிருந்தா தோல் கருகாது, அவ்வளவுதான். தோலைத் தளர வைக்கிற கதிர் அதுக்குள்ள பூந்து வந்துடும். சிகரெட் உண்டா?"

"விட்டுட்டேன்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

டாக்டர் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். முகத்தில் விழும் கோட்டில் முக்கியமாக இரண்டு ஜாதியாம். சிரித்து, முறைத்து, கண்ணைச் சுருக்கி, தசை மடங்கி மடங்கி விழுவது ஒன்று. வெயிலும் புகையும் வயசும் சேர்ந்து தோலின் உள்பிடிப்பைக் கரைத்துவிட்டுப் போடுவது இன்னொன்று. முதல் ஜாதிக்கு ஊசி உண்டு. தசை சில மாசம் தூங்கும், கோடு விழாது.

"அப்போ இந்த இடது கன்னத்துக்கு?"

"அதுக்கு இந்த ஊசி உதவாது. தொப்பி போடுங்க, கறுப்புக் கண்ணாடி போடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீன். ராத்திரி படுக்கும்போது நான் எழுதித் தர்ற களிம்பு. இருக்கறது கொஞ்சம் மங்கும், புதுசா வர்றது தள்ளிப் போகும். மாயம் மந்திரம்லாம் கேக்காதீங்க."

"அப்போ பாதி மூஞ்சிதான் சரியாகுமா டாக்டர்?"

"பாதிகூட இல்லம்மா. நெத்தி மட்டும்."

வெர்லீன் என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன். "போடுங்க" என்றாள்.

புதன்கிழமை வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை பேருந்தில் ஏறியபோது நான் அசந்து போனேன். அவள் நெற்றி இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தாள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைத் திருத்துகிற சாக்கில் தன்னையே பார்த்துக்கொண்டாள்.

ரயில் பாதை வந்தது. பின் சீட்டில் இரண்டு பேர் ஒருத்தன் பையை ஒருத்தன் பிடுங்கினார்கள். வெர்லீன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்து முறைத்தாள். முறைத்தாள் என்று எனக்குத் தெரியும், கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி மட்டும் அசையவே இல்லை.

"டேய், பதினொண்ணு வரலடா!"

"இன்னும் கொஞ்சம் கத்திப் பாரு."

"அய்யோ, நெஜமாவே வரல!"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பேருந்தில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாட்டு, குத்து, ஜன்னல் வழியாக ஒரு மதிய உணவு டப்பா. என் தலைமுடியில் திராட்சை ஜெல்லி. ரயில் பாதையில் வெர்லீன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள், பிள்ளைகள் அடங்க மாட்டார்கள், அடங்காமல் அவள் நகர மாட்டாள். பின்னால் கீரை லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடிக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதம். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, வண்டிகளுக்கெல்லாம் மேற்பார்வையாளரான ஓடிஸ் கிரேபில் வெள்ளிக்கிழமை தானே ஏறி வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். சரியில்லை என்றால் வெர்லீனிடமிருந்து பேருந்தை எடுத்துவிடுவார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"ஊசிய எடுக்க முடியாதாடி?" என்று கேட்டாள் வெர்லீன். குரலில் அழுகை, முகத்தில் நிம்மதி.

"எடுக்க முடியாது. வரைஞ்சுடலாம்" என்றேன்.

யோசனை என்னுடையதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிறுத்தும் இடத்தில், என் புருவ பென்சிலை எடுத்து அவள் புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு இழுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அசலே தோற்றுப்போகும். ஆனால் இந்த மகராசி, டாக்டர் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டு, முகம் முழுக்க சன்ஸ்கிரீனை வெண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு மேலேதான் நான் வரைந்திருக்கிறேன். யூமாவின் பாலைவன வெயிலில், மே மாதத்தில்.

கிரேபில் சார் முன் சீட்டில், மடியில் எழுதுகிற அட்டையோடு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. யாருக்கும் கெடுதல் நினைக்காத, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத மனிதர். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் கண்ணாடியில் பதினொன்றைக் கண்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கினார்கள். நான் உள்ளுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

ரயில் பாதையில் அவள் கதவைத் திறந்தாள். அனல் உள்ளே பாய்ந்தது. கோடு இரண்டும் மெல்ல வழிய ஆரம்பித்தன. ஒன்று மூக்கின் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

"மிஸ் வெர்லீன் உருகறாங்க!" என்று கத்தினான் ஒருத்தன்.

பேருந்து முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சீட் மேல் ஏறிப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. கிரேபில் சார் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"ரயில் எதுவும் தெரியலம்மா. போயிடு."

"தெரியலன்னா பத்தாது சார். கேக்கணும்."

"இந்தச் சத்தத்துல எங்கேர்ந்து கேக்கறது?" அவர் பெருமூச்சு விட்டார். "வெர்லீன், உனக்கு இது போதும்மா. ஆபீஸ்ல போன் எடுக்கற ரூம் காலியா இருக்கு. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, வெயில் உன்மேல படவே படாது. திங்கக்கிழமையிலேர்ந்து அங்க வந்துடு."

எனக்குத் தெரியும், அவள் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறாள். முகமோ, ஐஸ்கிரீம் வேண்டுமா என்று யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

"பாத்தியா, உனக்கே நிம்மதியாத்தான் இருக்கு" என்றார் அவர் கனிவாக. "வருஷா வருஷம் வந்து இந்தக் கண்ணாடில உன் மூஞ்சியப் பாக்கறேன். பாவம், இந்த வேலைய எவ்வளவு வெறுக்கறான்னு நெனச்சுப்பேன்." சொல்லிக்கொண்டே அட்டையில் எழுத ஆரம்பித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அவ நிம்மதியா இருக்கான்னு யார் சொன்னது?"

"அவ மூஞ்சிதான் சொல்லுதே."

"மூஞ்சிக்கு ஊசி போட்டிருக்கு சார். அதக் கேக்காதீங்க. வாயக் கேளுங்க!"

அவர் பேனாவை நிறுத்தினார். கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோபமா வெர்லீன்?" என்றார்.

வெர்லீன் கைபிரேக்கை இழுத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். எழுந்து, பிள்ளைகளைப் பார்த்து முழுசாகத் திரும்பி நின்றாள். ஏறும்போது அவளுடைய வலது கன்னத்தையும், பிறகு கண்ணாடியில் நெற்றியையும் மட்டுமே பார்த்த பிள்ளைகள் அவர்கள். அந்த இடது பக்கத்தை, வெயில் உழுது போட்ட அந்தக் கன்னத்தை, அன்றுதான் பார்த்தார்கள். முன் சீட்டுகளில் சிரிப்பு நின்றது.

"கோபம் இல்ல சார். பயம்" என்றாள்.

"பயமா?"

"இந்தத் தண்டவாளத்துக்கிட்ட வந்தாலே பயம். முதல் நாள்லேர்ந்து. பின்னாடி இத்தன புள்ளைங்க உக்காந்திருக்கு. ஒரு சத்தம் என் காதுல விழாமப் போயிட்டா? அதுக்கு விழுந்த கோடு சார் அது. நான் யாரையும் மொறச்சதே இல்ல." ஒரு தடவை மூச்சு வாங்கினாள். "போன் ரூமுக்கு நான் வரமாட்டேன். எனக்கு இந்த வண்டிதான் வேணும். இதுங்கதான் வேணும்."

இத்தனை வருஷமும் பக்கத்திலேயே இருந்த நானும் அதைக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, பென்சில் கறுப்பையும் இழுத்துக்கொண்டு. நெற்றி அப்போதும் அமைதியாகவே இருந்தது.

முதல் சீட்டில் இருந்த மரிசேலா, ஒன்றாம் வகுப்பு, கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அழறீங்களா மிஸ்?"

"ஆமாம்."

"மூஞ்சி அழலையே."

"அதுக்கு இன்னும் கொஞ்ச மாசம் ஆகும் கண்ணு."

மரிசேலா திரும்பினாள். அந்தப் பொடிசுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ. "எல்லாரும் வாய மூடுங்க! மிஸ்ஸுக்குப் பயமா இருக்காம்!"

மூடினார்கள். கடைசி சீட்டு வரைக்கும். லாரிக்காரன்கூட என்ன நினைத்தானோ, ஹார்னை நிறுத்திவிட்டான். கிரேபில் சார் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மெதுவாக.

"நீங்க கேக்கல சார்."

வெர்லீன் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டாள். திறந்த கதவு வழியாகக் காது கொடுத்துக் கேட்டாள். தோப்பில் காற்று அடிப்பது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டாள், அவசரப்படச் சொல்ல யாரும் இல்லை. பிறகு கதவை மூடி, வண்டியை நகர்த்தினாள்.

சக்கரம் தண்டவாளத்தைத் தொடும்போது பிள்ளைகள் எல்லோரும் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வது வழக்கம். அப்படிச் செய்தால் நல்லது நடக்குமாம். அன்றும் தூக்கினார்கள், சத்தமே இல்லாமல். நானும் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தேன். கிரேபில் சார் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, பளபளக்கும் கறுப்பு ஷூ போட்ட இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்திருந்தார்.